யாரும் ஆஜராகக் கூடாது

மாத்தளையில் எங்கள் சட்டத்தரணிகள் சங்கக் கிளைக்கு எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. எங்களில் ஒருவர் மீது எவனாவது கை வைத்தால் அவனுக்காக யாரும் ஆஜராக மாட்டோம். வண்டி நிறுத்தும் தகராறில், நீதிமன்ற வாசலில் ஓடும் ஒரு த்ரீவீல்காரன் எங்கள் மூத்த சட்டத்தரணியைக் கன்னத்தில் அறைந்தான். பொலிஸ் அவனைப் பிடித்தது; பிணை கிடைக்காமல் விளக்கமறியல் சிறைக்குப் போனான். தீர்மானம் ஐந்தே நிமிடத்தில் நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். எனக்கு ஒப்பரேஷன் நடந்தபோது மூன்று மாதம் என் வழக்குகளைச் சங்கத்து ஆட்கள்தான் பார்த்தார்கள். அறை வாங்கியவர்தான் முதலில் உதவிக்கு வந்தவர். தூக்காமல் எப்படி இருப்பது?

மறுநாள் த்ரீவீல்காரனின் அக்கா யட்டவத்தைத் தோட்டத்திலிருந்து என் கந்தோருக்கு வந்தாள். தம்பி பெண்சாதிக்கு நிறைமாதம். திங்கட்கிழமையும் பிணை கிடைக்காவிட்டால் பிள்ளை பிறக்கும்போது அவன் விளக்கமறியலில்தான் இருப்பான். போன இடமெல்லாம் கைவிரித்துவிட்டார்களாம். கண்டியில் யாரையாவது பிடிக்கச் சொன்னேன். அவர்களும் எங்கள் சங்கத்தைக் கேட்காமல் வர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என்மேலேயே எரிச்சல் வந்தது.

படியிறங்கியவளைத் திரும்பக் கூப்பிட்டேன். நீதவானிடம் அவனே பேசலாம் என்று சொல்லி, பேச வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். சிறையில் பார்க்கப் போகும்போது அவனை மனப்பாடம் செய்ய வைப்பதாகச் சொன்னாள்.

“நான் சொன்னேன்னு மட்டும் வெளிய தெரியக் கூடாது,” என்றேன்.

திங்கட்கிழமை, சந்தேகநபருக்கு யார் ஆஜராகிறார்கள் என்று நீதவான் கேட்டார். கறுப்புக் கோட்டுகள் எல்லாம் கோப்புகளுக்குள் தலையை விட்டுக்கொண்டன. என் தலையும்தான். கூண்டிலிருந்து அவன் பேசினான், ஒரு வார்த்தை பிசகாமல். மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்லி முடித்ததும், இதையெல்லாம் யார் சொல்லித்தந்தது என்று நீதவான் கேட்டார்.

அவன் நேராக என்னை நோக்கிக் கை நீட்டினான். “அந்த மிஸ்தாங்க. எங்களுக்குன்னு வேற யாருமே வரலைங்க.”

அறை வாங்கியவர் திரும்பி என்னைப் பார்த்தார். எழுந்து, சந்தேகநபருக்காக நான் ஆஜராகிறேன் என்றேன்.

பிணை கிடைத்தது. வெளியே யாரும் என்னோடு பேசவில்லை. விளக்கம் கேட்டுச் சங்கத்தின் கடிதம் வந்திருக்கிறது. இன்னும் பதில் எழுதவில்லை. அடுத்த முறை நான் ஆஸ்பத்திரியில் கிடந்தால் என் வழக்குகளை யார் பார்ப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

லோயர் மிஸ்ஸுக்குப் பெரிய துணிச்சல் என்று அவன் அக்கா தோட்டம் முழுக்கச் சொல்கிறாளாம். அவன் கை நீட்டியிருக்காவிட்டால் நான் கோப்புக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.