லான் அக்கா பார்த்த நாள்கள்

செய்தி வந்தபோது நான் சான்ட்ரிங்ஹாம் கடையொன்றில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மகன் கீர்த்தன் தொலைபேசியில் அழைத்தான். நாங்கள் குடிவந்த இந்த நாட்டில் பிறந்தவன். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை. அன்று தமிழில் சொன்னான். "அம்மா, மாமி செத்துப்போனா." காலமானார், மோசம் போனார் என்ற சொற்களெல்லாம் அவனுக்குத் தெரியாது. மாமி அவனோடு விடாப்பிடியாகப் பேசிய மொழியில், தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு அழுதான். கையிலிருந்த கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டு வீதிக்கு வந்தேன். பஸ் ஒன்று வந்து நின்று போனது. ஏறத் தோன்றவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு லான் அக்காவைத் தெரியும். கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டும் பெண்களுக்கு நடுவே இருந்த சீன அம்மா. "பசியாறியாச்சா?" என்று கேட்டு உங்களில் எத்தனையோ பேரைத் திடுக்கிட வைத்தவர். முழுப் பெயர் யோக் லான். என் மகனின் மாமியார், எனக்குச் சம்பந்தி. போன மாதம் ஒரு காலையில், பிளாட் புஷ் பகுதியிலுள்ள தன் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவரை முதன்முதலில் பார்க்கப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கீர்த்தன் தான் விரும்பிய பெண் மெய் என்றும், மலேசியச் சீனப் பெண் என்றும் சொல்லியிருந்தான். என் கணவர் சிவநேசன் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, "மெய் எண்டு பேர் வச்ச பிள்ளை பொய் சொல்லாது" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். பிளாட் புஷ் போகும் வழியெல்லாம் நான் காரில் ஆங்கில வாக்கியங்களை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். கதவைத் திறந்த அம்மா எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "வாங்க, வாங்க. உள்ள வாங்க. ரொம்ப தூரமா? பசியாறிட்டு வந்தீங்களா?"

என் காதுதான் தவறாகக் கேட்டதா என்று நினைத்தேன். இவர், என் கணவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் லான் அக்காவின் தகப்பனார் பலசரக்குக் கடை வைத்திருந்தாராம். வாடிக்கையாளர் எல்லாரும் தமிழர்கள். அக்கா நடை பழகியதே அரிசி மூட்டைகளுக்கு நடுவில்தான். "எனக்குத் தெரிஞ்சது கடைத் தமிழ்தான். மரியாதை கொஞ்சம் கம்மியா வரும், கோவிச்சுக்காதீங்க" என்றார். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் நாங்களும் தோட்டத் தமிழ் பேசும் அவரும் ஒருவர் சொல்லை ஒருவர் இரண்டு முறை கேட்டுக் கேட்டு அன்று கதைத்து முடிக்க மாலையாகிவிட்டது. திரும்பும்போது அவர் வாயில் நான் 'தங்கச்சி' ஆகியிருந்தேன், இவர் 'அண்ணே' ஆகியிருந்தார்.

பிறகு கல்யாண நாள் வந்து குறுக்கே நின்றது. மார்கழி முடிந்து, சீனப் புத்தாண்டு ஆரவாரமும் கழிந்து, இந்த நாட்டில் மாசி வரை நீளும் கோடைகாலம் போய்விடுவதற்குள் வைக்கலாம் என்று எங்கள் ஐயர் சில சனிக்கிழமைகளைக் குறித்துத் தந்தார். லான் அக்கா தன் கைப்பையிலிருந்து சிவப்பு அட்டை போட்ட தடித்த புத்தகத்தை எடுத்தார். அவர்களுடைய பஞ்சாங்கம். புத்தகம் என்ற சொல் அவர்கள் பேச்சில் தோல்வி என்ற சொல்லைப் போல ஒலிக்குமாம். அதனால் பெயரையே வெற்றி என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். அதைப் புரட்டிப் புரட்டி, ஐயர் குறித்த ஒவ்வொரு நாளையும் அக்கா தள்ளினார். ஒரு நாள் மெய்யின் பிறந்த வருஷத்துக்கு ஆகாது. இன்னொன்று மாப்பிள்ளைக்கு ஆகாது. கடைசியாக மண்டபம்கூட எங்களுக்குக் கிடைத்துவிட்ட அந்தச் சனிக்கிழமைக்கு வந்தார்.

"இது உடைக்கிற நாள். பழைய வீட்டை இடிக்கலாம், சுவரை உடைக்கலாம். கல்யாணம் கட்டக் கூடாது."

அவர்களுக்கு நாள்கள் பன்னிரண்டு வகையாம். திறக்கும் நாள், மூடும் நாள், நிறையும் நாள் என்று சுற்றி வரும். அதில் உடைக்கும் நாள்தான் மிகவும் பொல்லாதது என்றார். இவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஐயர் குறிச்ச நாளை நாங்கள் ஏன் மாத்த வேணும்? சீனப் பஞ்சாங்கம் பார்த்தோ என்ர பிள்ளைக்குக் கலியாணம் செய்யிறது?"

லான் அக்கா புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். மெய்யும் கூடவே எழுந்தாள். அன்று அவர்கள் சாப்பிடாமலே போனார்கள். அடுத்த வாரம் முழுவதும் கீர்த்தன் எங்களோடு பேசவில்லை. கல்யாணமே நின்றுவிடும் என்று நான் நினைத்தேன்.

ஒரு ஞாயிறு காலை வாசல் மணி அடித்தது. லான் அக்கா தனியாக, பஸ் மாறி மாறி பிளாட் புஷ்ஷிலிருந்து வந்திருந்தார். மெய்க்குத் தெரியாது என்றார். நேராகப் போய் இவருக்கு எதிரே உட்கார்ந்து, "அண்ணே, உங்க பஞ்சாங்கத்தையும் எடுங்க" என்றார். இவர் வேண்டாவெறுப்பாக எடுத்து வைத்தார்.

"இதுல எது ஆகாத நாளு?"

"அட்டமி ஆகாது. நவமி ஆகாது. கரிநாள் ஆகாது."

"ஏன் ஆகாது?"

இவர் யோசித்தார். எஞ்சினியர் மனுஷன். பஞ்சாங்கத்தை இரண்டு தடவை புரட்டினார். "அது அப்படித்தான்."

"எங்களுக்கும் அப்படித்தான்லா" என்று சிரித்தார் அக்கா. இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் தேநீர் வைக்க எழுந்தேன். அப்போதுதான் அவர் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். நான் எழுந்தபடியே நின்றுவிட்டேன்.

அவருடைய கல்யாணம் ஓர் உடைக்கும் நாளில்தான் நடந்ததாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அவசரம். அவர்களே குறித்த நாள். தகப்பனார் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கணவர் லாரி ஓட்டுபவர். மெய் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து இறந்துபோனார். அன்றிலிருந்து மாமியார் ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட நாளில் வந்தவள். சோறு போடும்போதும் சொன்னார். விருந்தாளிகள் முன்னாலும் சொன்னார்.

"நாள் குறிச்சது அவங்க. பழி வந்தது எனக்கு" என்றார் லான் அக்கா. "அண்ணே, அந்த நாளு நெசமாவே கெட்டதா இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனா நாளைக்கு ஏதாவது ஒண்ணு நடந்தா, என் பொண்ணைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. சொல்ல இடமே இருக்கக் கூடாது. அதுக்குத்தான் பார்க்கிறேன்."

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இரண்டு பஞ்சாங்கங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்துக்கொண்டு, இருவரும் மதியச் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டிலும் குறையில்லாமல் ஒரு நாள் கிடைத்தது. ஆனால் அது ஒரு வியாழக்கிழமை. உங்களில் பலர் முணுமுணுத்துக்கொண்டே வேலைக்கு லீவு போட்டு வந்தீர்கள். ஏன் வியாழக்கிழமை என்று அன்று கேட்டவர்களுக்கு மண்டபம் கிடைக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தோம். காரணம் இதுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார். எங்கள் முன்வாசலுக்கு நேரே பின்வாசல் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. வரும் நல்லதெல்லாம் நிற்காமல் பின்னால் போய்விடுமாம். நடுவில் ஒரு பெரிய பூச்சாடியைக் கொண்டுவந்து வைத்தார். இவர் அதில் கால் இடறும்போதெல்லாம், "உங்கட சம்பந்தி என்ர காலை உடைக்கப் போறா" என்பார். ஆனால் ஒரு நாளும் நகர்த்தவில்லை.

சில வருடங்கள் கழித்து என் மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. கெட்ட கட்டிதான் என்று சோதனையில் உறுதியாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அறுவை சிகிச்சைக்கு நாள் வந்தது. யூலை மாதம், இங்கே மழையும் குளிரும். நான் எதுவும் பார்க்கவில்லை, இவர் பார்த்திருக்கிறார். லான் அக்காவோடு பழகிப் பழகி, அவர் புத்தாண்டுக்குக் கொடுக்கும் நாட்காட்டியில் உடைக்கும் நாள் எந்தக் குறியில் இருக்கும் என்று இவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாமல் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். பக்கத்து அறையிலிருந்து எனக்குக் கேட்டது.

"அக்கா, அது உடைக்கிற நாளெல்லோ? கோல் பண்ணி நாளை மாத்தச் சொல்லட்டோ?"

நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் அப்படியான நேரத்தில் பயம் வரும். அன்று பின்னேரமே லான் அக்கா புத்தகத்தோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு பக்கத்தைத் திறந்து, எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளின் மேல் விரலை வைத்தார்.

"இந்தா பாரு. உடைக்கிற நாள்ல கல்யாணம் ஆகாது, கடை திறக்கிறது ஆகாது. ஆனா வைத்தியம் ஆகும். நோயை உடைக்கிற நாளு. டாக்டருக்குத் தெரியாமலே நல்ல நாளாக் குடுத்திருக்காரு. மாத்தாதே. மாத்தினா அடுத்தது எப்பக் கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்?"

பிறகு மெய்யிடமும் கேட்டேன். உண்மைதான், அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றாள். அன்றிரவு நான் தூங்கினேன்.

அறுவை சிகிச்சை நாளன்று காலை இருட்டோடு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, லான் அக்கா எங்களுக்கு முன்பே வந்து சிவப்புக் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். என்னை உள்ளே கொண்டுபோகும்போது, "போயிட்டு வா, தங்கச்சி. நான் இங்கதான் இருப்பேன்" என்றார். பொழுது சாயும்வரை அந்த நாற்காலியை விட்டு அவர் எழும்பவில்லை என்று இவர் பிறகு சொன்னார். கன்டீனுக்குப் போய் ஏதாவது சாப்பிடுங்கோ என்று கெஞ்சியும் போகவில்லையாம்.

வீட்டுக்கு வந்து நான் தேறிக்கொண்டிருந்தபோது, அவர் கொண்டுவந்த சூப்பைக் குடித்தபடி சும்மா ஒரு பேச்சுக்கு, வருஷத்துக்கு ஒரு மிருகம் வைக்கும் சீனர் கணக்கில் நான் என்ன வருஷம் என்று கேட்டேன்.

"நீ ஆடு. எனக்கு முன்னாடியே தெரியும். மெய்கிட்ட உன் பிறந்த வருஷம் கேட்டு வச்சிருந்தேன்." கொஞ்சம் தயங்கினார். "இப்பச் சொல்லலாம். நாளுக்கும் மிருகம் உண்டு. அன்னைக்கு மாட்டு நாளு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகவே ஆகாது."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அண்ணே கேட்டது உடைக்கிற நாளைப் பத்தி. அதுக்கு உள்ளதைச் சொன்னேன். மத்ததைச் சொன்னா நீ பயந்திருப்பே. அதனால நானே வச்சுக்கிட்டேன்."

"வச்சுக்கொண்டு என்ன செய்தனீங்கள்?"

"நான் முயல் வருஷம். ஆடு பக்கத்துல முயல் இருந்தா நல்லது. அதான் வந்து உட்கார்ந்துட்டேன்."

நான் சூப்புக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நாள் முழுவதும் என் பயத்தையும் தன் பயத்தையும் சேர்த்து ஒருவர் தனியாகச் சுமந்திருக்கிறார். பசியோடு சுமந்திருக்கிறார். "சூப்பு ஆறுது, குடி" என்றார்.

போன மாதம் அவரை அடக்கம் செய்வதற்கான நாளை நாங்கள் பார்க்க வேண்டிவந்தது. மலேசியாவிலிருந்து அவருடைய தமையனார் அழைத்து, ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் அடக்கம் செய்ய வேண்டாம், அது துக்கத்தின் மேல் துக்கம் கூட்டும் நாள் என்றார். இறுதிச் சடங்கு நடத்துபவர்களோ அந்த நாள்தான் இருக்கிறது என்றார்கள். கீர்த்தன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். இவர் அவன் கையிலிருந்த தொலைபேசியை வாங்கினார். "எங்கட சம்பந்திக்கு நல்ல நாள் வேணும். நாங்கள் காத்திருக்கிறம்" என்று முதலில் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். காத்திருந்தோம்.

பெட்டியை மூடும் நேரத்தில், அன்றைய நாளுக்கு ஆகாத வருஷக்காரர்கள் திரும்பி நிற்க வேண்டும் என்று, மலேசியாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த தமையனார் அறிவித்தார். மெய் என் பக்கத்தில் வந்து, "ஆட்டு வருஷம், அம்மா. நீங்கள்தான்" என்றாள் மெதுவாக. கடைசியாக ஒரு தடவை அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஆனாலும் திரும்பினேன். இவர் திரும்பத் தேவையில்லாதவர். அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு முன்னால் கண்ணாடி ஜன்னலும் அதற்கு வெளியே கார்களும் மட்டும் இருந்தன. பெட்டி மூடப்படும் சத்தத்தை முதுகால் கேட்டேன். நான் திரும்பாமல் அடம்பிடித்திருந்தால் லான் அக்கா என்னைப் பிடித்து ஏசியிருப்பார்.

அவருடைய சிவப்புப் புத்தகம் மெய்யிடம் இருக்கிறது. அது அவளுக்கு உரியது. நான் எடுத்துக்கொண்டது வேறு.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஓர் இளம் பெண் இருக்கிறாள். ரானுயியில் அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறாள். வேலை விசாவில் வந்தவள். இந்த ஊரில் சொந்தம் என்று யாருமில்லை. அடுத்த வாரம் அவளுக்கு ஓர் அறுவை சிகிச்சை. சின்னதுதான், ஊபர் பிடித்துத் தனியாகப் போய்விட்டு வருவேன் என்றாள். எந்த நாள் என்று கேட்டேன். சொன்னாள். அது எப்படிப்பட்ட நாள் என்று நான் எந்தப் பஞ்சாங்கத்திலும் பார்க்கவில்லை. லீவு சொல்லிவிட்டேன். அவளை உள்ளே கூப்பிடும்போதும் அந்த வெளி நாற்காலியில் இருப்பேன், கண் விழித்து வெளியே வரும்போதும் இருப்பேன். சூப்பு வைக்கும் விதத்தை மெய்யிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.