தோற்றவன் கொத்த வேண்டும்

ஐம்பத்தைந்து வயது ஆம்பளை ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நிற்பான், இல்லையென்றால் பேப்பர் படிப்பான். குஞ்சிதபாதம் லங்கோடு கட்டிக்கொண்டு மண்ணில் புரண்டான். அவனோடு சேர்ந்து புரண்ட இன்னொரு பைத்தியம் நான், கலியமூர்த்தி. எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஆள் எங்கள் பிளாக்கில் கிடையாது. சிரிக்கட்டும், எனக்கென்ன. சிரிப்போடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

அவன் பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரன். அப்பனும் அம்மாவும் அடுத்தவன் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கியவர்கள். எண்பத்து நாலில் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாக நுழைந்து, ஒன்பது வருஷம் கழித்து பெர்மனென்ட் ஆனான். கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் வேலை. பெல்ட்டுக்கு அடியில் ஓடும் இரும்பு உருளையை இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் இடத்தில் இவன் ஒருத்தனே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடப்பான். கான்ட்ராக்ட் காலத்தில் எங்களோடு ஷிப்ட் பார்த்த சேலத்துக்காரர் ஒருவர் எங்கள் இரண்டு பேருக்கும் நாலு குஸ்திப் பிடி சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அந்தக் கிறுக்கு அப்போது பிடித்ததுதான்.

கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்த அன்று அவன் மனைவி புஷ்பவல்லி உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். இவன் நேராகப் பின்பக்கம் போய் வேப்பமரத்தடிக் காலியிடத்தைப் பார்த்துவிட்டு வந்து, "கலியா, இங்க ஒரு கோதா வெட்டலாம்டா" என்றான். புது வீட்டைப் பற்றி அவன் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

கோதா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி பள்ளம். அதில் சலித்த செம்மண், வேப்பெண்ணெய், மஞ்சள்தூள், மோர். ஒரு வாரம் சும்மா விட்டால் மண் இறுகிவிடும், இறுகின மண்ணில் விழுந்தால் இடுப்பு போய்விடும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் முதலில் மம்பட்டி எடுத்து முழுப் பள்ளத்தையும் கொத்திப் புரட்ட வேண்டும். ஒரு மணி நேர வேலை, தோள்பட்டை கழன்றுவிடும். யார் கொத்துவது? போன வாரம் தோற்றவன். எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அது. ஜெயித்தவன் வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்து புஷ்பவல்லி கொண்டுவரும் டீயைக் குடித்துக்கொண்டு நக்கல் பண்ணலாம். தோற்றவனுக்குக் கொத்தி முடித்த பிறகுதான் டீ. பல வருஷம் ஒரு வாரம் அவன், ஒரு வாரம் நான் என்று ஏறக்குறைய சரிபாதியாகக் கொத்தினோம்.

இரண்டாயிரத்துப் பத்தில் ஒருநாள் புஷ்பவல்லி என்னைக் கடைத்தெருவில் நிறுத்தினாள்.

"அண்ணே, அவருக்குக் கழுத்து எலும்பு தேஞ்சிகினு வருதாம். குஸ்தி கிஸ்தி கூடவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. நான் சொன்னா எம்மேல ஏறி வுழறாருங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"நான் பாத்துக்கறேன் தங்கச்சி. நீ கவலப்படாத."

பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். அவனிடம் சொன்னேனா? சொல்லவில்லை. "போதும்டா, நிறுத்திக்க" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறைப்பானேன், சுயநலமும் இருந்தது. வாரத்தில் ஆறு நாள் கிரீஸிலும் புழுதியிலும் கிடக்கிறவனுக்கு அந்த ஒரு காலைப் பொழுதுதான் உருப்படியான பொழுது. அவன் நிறுத்தினால் எனக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை?

அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். அவனைத் தூக்கிப் போடாமல் இருந்தால் கழுத்துக்கு ஒன்றும் ஆகாது அல்லவா? அவன் கழுத்துப் பக்கம் கை கொண்டுபோக மாட்டேன். தூக்க வேண்டிய இடத்தில் பிடியைத் தளர்த்துவேன். அவன் குனிந்து என் இடது காலை வாருவான், நான் மல்லாந்து விழுவேன். விழும்போது "அடப்பாவி!" என்று ஒரு முனகல் வேறு. ஆரம்பத்தில் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் அப்படிச் செய்தேன். போகப் போக எல்லா வாரமும் அதுவே ஆகிவிட்டது.

விழுந்தவன் நான், ஆகவே கொத்தியவனும் நான். ஐந்து வருஷம். அவன் கல்லில் உட்கார்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டே, "இன்னாடா கலியா, இந்த மம்புட்டியவே உனக்குக் கட்டி வச்சிடலாமா?" என்பான். நானும் சிரித்துக்கொண்டே கொத்துவேன். கொத்திக் கொத்தி எனக்குத் தோள் இறுகியது. உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்குத் தொப்பை விழுந்தது. தோற்றவன் கொத்த வேண்டும் என்ற சட்டமே தோற்றவனுக்குப் பலம் சேரட்டும் என்றுதான் இருந்திருக்க வேண்டும். என் மரமண்டைக்கு அது அப்போது ஏறவில்லை. கேன்டீனில் அவன் மார்தட்டிக்கொண்டிருந்தான். "வயசு ஏற ஏறத்தான்யா நமக்கு பலம் ஏறுது. வேணும்னா கலியன கேளு." எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையை ஆட்டுவேன்.

இரண்டாயிரத்துப் பதினைந்து மே மாதம் பண்ருட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் திருவிழா. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஒரு குஸ்தி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே இவன் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

"வேணாம்டா" என்றேன்.

"ஏன் வேணாம்?"

"வெயிலு... வெயிலு கொளுத்துது பாரு."

"வெயிலு உனக்குத்தாண்டா. வாராவாரம் உன்ன சாய்க்கிறவன வெயிலு இன்னா பண்ணும்?"

வெயில்! ஒரு மனுஷன் உயிர் போகிற விஷயத்தில் எனக்குக் கிடைத்த காரணத்தைப் பாருங்கள். இப்போது நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எதிராளி நெல்லிக்குப்பத்துக்காரர், பெரியண்ணன் என்று பெயர். ஐம்பத்திரண்டு வயது. தினமும் லாரியில் கரும்புக் கட்டு ஏற்றுகிற உடம்பு. அவர் சட்டையைக் கழற்றியதும் அந்தத் தோளைப் பார்த்தேன், குஞ்சிதபாதத்தின் தொப்பையைப் பார்த்தேன். குஞ்சிதபாதம் வாட்சையும் கண்ணாடியையும் கழற்றி என் கையில் கொடுத்து, "வச்சிக்க. ரெண்டே நிமிசம், வந்துட்றேன்" என்றான். நான் வாயைத் திறந்தேன். மேளம் அடிக்க ஆரம்பித்தது, அவன் இறங்கிவிட்டான். மேளத்தின் மேல் பழியைப் போட மாட்டேன். கத்தியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம்.

இறங்கினவன் நேராகக் குனிந்து பெரியண்ணனின் இடது காலை வாரினான். நான் விழுந்து விழுந்து அவனுக்குப் பழக்கிக் கொடுத்த அதே பிடி. அந்தக் கால் அசையவில்லை. குனிந்த வாக்கிலேயே குஞ்சிதபாதம் ஒரு நொடி கூட்டத்தில் என்னைத் தேடினான், ஏன் இது விழவில்லை என்று கேட்பது போல. அடுத்த நொடி பெரியண்ணன் அவனை அப்படியே வாரித் தோளுக்கு மேலாகப் போட்டார். வலது தோள் முதலில் மண்ணில் இறங்கியது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது.

"ஐயோ, எந்திரிங்கண்ணே! அண்ணே, எந்திரிங்க!" என்று பதறி அவன் தலையைத் தாங்கிப் பிடித்தவரும் பெரியண்ணன்தான். நல்ல மனுஷன். அவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

கழுத்து தப்பியது. தோள் எலும்பைச் சேர்த்துவிட்டார்கள், நரம்பைச் சேர்க்க முடியவில்லை. வலது கை மார்புக்கு மேல் ஏறாது என்று ஆகிவிட்டது. உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தவனை டூல் ரூமில் உட்கார வைத்தார்கள், ஸ்பேனர் வாங்க வருகிறவனுக்கு டோக்கன் எழுதிக் கொடுக்கிற வேலை. அதையும் இடது கையால் கோணல் மாணலாக எழுதினான். புஷ்பவல்லி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"உங்கள நம்பித்தானண்ணே உட்டேன்?"

 நானாக விழுந்ததை அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

அவனுக்கு அந்தப் பிடி ஏன் பலிக்கவில்லை என்பதுதான் பெரிய கவலை. வலியைப் பற்றிக்கூட அவ்வளவு பேசவில்லை. "உன்ன சாய்ச்ச அதே புடிதாண்டா. எங்க தப்பிப்போச்சு?" என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தான். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கோதா ஓரமாக நின்றுகொண்டிருந்தான். எட்டு மாதமாக யாரும் தொடாத மண் பாறையாகக் கிடந்தது, நடுவில் புல் வேறு முளைத்திருந்தது.

"கலியா, இந்த வருசத் திருவிழாவுக்கும் பேரு குடுத்துட்டு வா. அந்தப் பெரியண்ணன ஒரு கை பாக்காம வுட மாட்டேன். போ, மொதல்ல மண்ணக் கொத்து. கடைசியா தோத்தவன் நீதான?"

மம்பட்டியைக் கையில் எடுத்தேன். இன்னும் ஒரு முறை இவனை அங்கே இறக்கிவிட்டால் நான் மனுஷனே இல்லை. மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். புஷ்பவல்லி கேட்டுக்கொண்டது, நான் பிடியைத் தளர்த்தியது, நானாக விழுந்தது, எல்லாம்.

வாய்க்கு வந்தபடி திட்டுவான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. அவன் புல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எத்தினி வருசமா?"

"அஞ்சு."

"எல்லா வாரமுமா?"

"மொதல்ல அப்பப்போ. அப்பறம் எல்லாமே."

"அப்ப, நெசமா நான் உன்ன சாய்ச்சது கடைசியா எப்போ?"

யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். அந்த முதல் வருஷத்தில் சில வாரம் நான் விழுந்திருக்கிறேன், சில வாரம் அவன் நிஜமாகவே என்னைத் தள்ளியிருக்கிறான். எது எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் நியாயமாக ஜெயித்ததையும் சேர்த்து நான் பொய்யாக்கியிருக்கிறேன்.

"தெரியலடா" என்றேன்.

 அவன் இடது கையால் மம்பட்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான்.

"டேய், கையி..."

"தோத்தவன்தான கொத்தணும்? தள்ளு."

ஒற்றைக் கையால் ஓங்கினான். மண்ணில் ஒரு கீறல்தான் விழுந்தது. மறுபடி ஓங்கினான். பிடுங்கிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் போனேன், அவன் பார்த்த பார்வையில் பின்வாங்கி வேப்பமரத்தடிக் கல்லில் போய் உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் ஒரு முறம் அளவு மண்கூடப் பெயரவில்லை.

புஷ்பவல்லி டீயோடு வந்தாள். அவன் கொத்துவதையும் நான் உட்கார்ந்திருப்பதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டம்ளரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றாள்.

"அவங்கிட்டயே குடு" என்றான் குஞ்சிதபாதம் நிமிராமல். "ஜெயிச்சவன் அவன்தான்."

அவள் என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.