பதினேழாவது மாடிக்கு வந்த படகு

பேய் என்ற வார்த்தையை அகிலாண்டேஸ்வரி இன்றுவரை வாயில் எடுத்ததில்லை. "நடந்ததைச் சொல்றேன். பேரை நீங்க வெச்சுக்கோங்க" என்பாள். அவள் அதை இதுவரை நாலைந்து பேரிடம் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான். ஒரு சொல் கூடினதில்லை, குறைந்ததில்லை. கட்டுக்கதை சொல்கிறவர்களால் அப்படிச் சொல்ல முடியாது.

நடந்தது 1974-இல், டொராண்டோவில். ஆரம்பித்தது கடலில்.

அவள் கணவர் மோகனசுந்தரம் பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். கும்பகோணத்துக்காரர். பிள்ளை குட்டி இல்லை. கேமராதான் பிள்ளை. பறவைகளைப் படம் பிடிப்பதில் அப்படி ஒரு வெறி. அந்த அக்டோபரில் இருவரும் காலபகோஸ் தீவுகளுக்குப் போனார்கள். தென் அமெரிக்காவுக்கு மேற்கே, பசிபிக் கடலில், எரிமலை கக்கி உறைந்த கறுப்புத் தீவுகள். மனிதனைக் கண்டு ஓடத் தெரியாத பிராணிகள். கடல் சிங்கம் காலடியிலேயே படுத்துக் குறட்டை விடும். கடலில் நீந்தும் கறுப்பு உடும்புகள் குவியல் குவியலாக வெயில் காயும்.

கப்பல் சின்னது. பயணிகள் ஒரு பஸ்ஸில் பாதிகூட இருக்க மாட்டார்கள். தீவுக்குப் பக்கத்தில் கப்பல் போகாது. ஒரு மரப்படகில்தான் கரை சேர வேண்டும். அந்தப் படகை ஓட்டியவன் செகுந்தோ. அந்தத் தீவுக்காரன்தான். அதிகம் பேசமாட்டான்.

ஏறும்போதும் இறங்கும்போதும் அவன் கை கொடுப்பான். விரலைப் பிடிக்க விடமாட்டான், ஈரத்தில் வழுக்கும். அவன் நம் முன்கையை இறுகப் பிடிப்பான். நாம் அவன் முன்கையைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் ஒருவர் விட்டாலும் மற்றவர் பிடி நிற்கும்.

கடைசி நாள் கடல் கொந்தளித்தது. இன்று யாரும் இறங்க வேண்டாம் என்று கப்பலில் சொல்லிவிட்டார்கள். ஆனால் மோகனசுந்தரத்துக்கு தீவின் பாறை உச்சியில் ஒரு பறவைக் குஞ்சைப் படம் எடுப்பது பாக்கி இருந்தது. செகுந்தோவைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினார், நச்சரித்தார், அழைத்துக்கொண்டு போய்விட்டார். அகிலா குமட்டல் தாங்காமல் உள்ளே படுத்துக் கிடந்தாள்.

போனவர்கள் இரண்டு பேர். திரும்பியது ஒருவர்.

"குடிச்சிருந்தான்" என்றார் மோகனசுந்தரம் கேப்டனிடம். "எழுந்து நின்னான். விழுந்துட்டான்."

கேப்டன் அகிலாவைப் பார்த்தார். "காலையில் அவன் எப்படி இருந்தான்? நீங்கள் கவனித்தீர்களா?"

அவள் அன்று காலை செகுந்தோவைப் பார்க்கவே இல்லை. கணவரின் கண் அவள்மேல் இருந்தது.

"சாராய வாடை அடிச்சுது" என்றாள்.

அவ்வளவுதான். உடல் கிடைக்கவில்லை. குடிகாரன் செத்தான் என்று முடிந்துபோனது.

துறைமுகத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். செகுந்தோவின் மனைவி. அவள் அழவில்லை. மோகனசுந்தரம் இறங்கியதும் நேரே வந்து முகத்துக்கு முகம் நின்று ஏதோ சொன்னாள். பிறகு அகிலாவைப் பார்த்து அதையே இன்னொரு தடவை சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்று கப்பல் வழிகாட்டியிடம் அகிலா கேட்டாள். அவன் தயங்கினான்.

"தன் கணவன் குடிப்பதே இல்லை என்கிறாள். அவன் யாரையும் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் இல்லையாம். வந்து ஏற்றிக்கொண்டு போவானாம்."

டொராண்டோ திரும்பினார்கள். அவர்கள் இருந்தது செயின்ட் ஜேம்ஸ் டவுனில், பதினேழாவது மாடி. பால்கனி தெற்குப் பார்த்தது. கட்டி முடியாத சி.என். டவருக்கு அப்பால் ஏரி ஒரு சாம்பல் கோடாகத் தெரியும்.

நவம்பரில் ஒரு மத்தியானம். அகிலா சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

டொக்... டொக்...

கொஞ்சம் நின்றது.

டொக்...

பால்கனியில் ஏதோ காற்றுக்கு ஆடுகிறது என்று நினைத்தாள். போய்ப் பார்த்தாள். பால்கனி வெறுமையாக இருந்தது. காற்றும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமானது. கப்பலில் படுத்தபடியே ஒரு வாரம் கேட்ட சத்தம். அலைக்கு ஏறி இறங்கும் மரப்படகு, கப்பல் பக்கவாட்டில் இடிக்கும் சத்தம்.

மறுநாள் பால்கனிக் கம்பியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது, வெளிப்பக்கம் மட்டும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. டொராண்டோவில் ஏரி நல்ல தண்ணீர். அதில் உப்பு ஏது?

அந்த வாரமே லிஃப்டில் மேல் மாடிக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு மோகனசுந்தரத்தை ஒரு பார்வை பார்த்தாள். அகிலாவுக்கும் அடித்தது. கடல் சிங்கங்கள் கிடக்கும் பாறையின் கவிச்சி. அவர் குளித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டை. ஒருநாள் ஷெர்போர்ன் ஸ்டேஷனில் இருவரும் இறங்கும்போது, ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். இடது கை முன்னால் நீண்டிருந்தது. எதிரே ஆளில்லை. ஆனால் கோட்டுக் கை கசங்கி... இறுகி... யாரோ பிடித்த மாதிரி...

அகிலா அவரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சட்டைக் கையைச் சுருட்டினாள். முன்கையில் கன்றிப்போன நாலு விரல் தடம். எதிர்ப்பக்கம் ஒரு கட்டைவிரல்.

"என்ன நடந்தது? உள்ளதைச் சொல்லுங்க."

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"நான்தான் எழுந்து நின்னேன் படம் எடுக்க. படகு சாஞ்சுது. என்னைப் பிடிக்க வந்தான், அவன் விழுந்துட்டான். கையைக் குடுத்தேன். பிடிச்சுக்கிட்டான்."

"அப்புறம்?"

"படகு கவுந்துடும்போல இருந்தது. கழுத்துல கேமரா. விட்டுடலாம்னு கையை எடுத்தேன். அவன் பிடி விடலை."

"அப்புறம்?"

"ஒவ்வொரு விரலா... பிரிச்சேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பொம்பளைக்குச் சொல்லிடலாங்க. அவர் குடிக்கலைன்னு. நாம பொய் சொன்னோம்னு. கப்பல்காரங்களுக்கு ஒரு போன் போட்டா போதும்."

"சொன்னா நான் கொலைகாரன்."

"சொல்லாட்டி?"

"செத்தவன் செத்துட்டான். அதோட விடு."

அவர் அதைச் சொன்னதும் பால்கனியில் சத்தம் நின்றது.

அதுவரை அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்பது, நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிறு. சாயங்காலம் நாலரை. முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. வெளியே பாதி இருட்டு. துணி மடித்துக்கொண்டிருந்த அகிலாவின் பாதத்தில் குளிர் பட்டது. பால்கனிக் கதவு திறந்திருந்தது.

டொக்...

இந்தத் தடவை சத்தம் பக்கத்தில்.

டொக்... டொக்... கிர்ர்ர்...

கயிறு இழுபடும் சத்தம். படகை இழுத்து அணைத்துக் கட்டினால் அப்படித்தான் கேட்கும். அதன் பிறகு இடிக்காது.

இடிக்கவில்லை.

மோகனசுந்தரம் பால்கனியில் நின்றிருந்தார். வெறுங்கால். கழுத்தில் கேமரா.

"என்னங்க... உள்ள வாங்க."

"படகு வந்துடுச்சு, அகிலா."

குரலில் பயமில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

அவர் இடது கையை நீட்டினார்.

சட்டைக் கை கசங்கியது.

அகிலா ஓடினாள். அவருடைய வலது கையைப் பிடித்தாள். விரலைத்தான் பிடிக்க முடிந்தது.

ஈரம்.

வழுக்கியது.

அவர் கம்பியைத் தாண்டி ஒரு காலை வைத்தார். குதிக்கவில்லை. பார்த்து, நிதானமாக, மறு காலையும் வைத்தார்.

அலறல் கேட்கவில்லை.

போலீஸ் வந்தது. கட்டடத்தின் அடியில் தேடினார்கள். அங்கே உடல் இல்லை. கடைசியில் ரோட்டைத் தாண்டி, எதிர்ப்புறப் புல்வெளியின் தென்கோடியில், பனிக்குள் கிடந்தார். அவ்வளவு தூரத்தில் எப்படி விழ முடியும் என்று இளைய போலீஸ்காரன் கேட்டான். காற்று என்றார் மூத்தவர். அன்று பனி நேர்க்கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அகிலா கப்பல்காரர்களுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள், தான் சொன்ன பொய்யையும் சேர்த்து. செகுந்தோவின் மனைவியிடம் சொல்லச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள். அந்தப் பெண் இறந்து மூன்று வாரம் ஆகிறதாம். கேட்க ஆளில்லை.

அன்று மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர்க் கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு நர்ஸ். நடுவயதுக்காரி. கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"போலீஸிடம் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. உங்களிடமாவது சொல்ல வேண்டும். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். உங்கள் கணவர் உடனே விழவில்லை."

"என்ன?"

"முதலில் உட்கார்ந்தார். அந்தரத்தில். முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. அப்படியே ஏரிப் பக்கம் கொஞ்ச தூரம் போனார். அப்புறம்தான் விழுந்தார்."

நர்ஸ் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"தப்பாக நினைக்காதீர்கள். ஒன்று கேட்க வேண்டும். அவருடன் வேறு யாராவது வருவதாக இருந்ததா?"

"ஏன் கேக்கறீங்க?"

"உட்கார்ந்தவர் உங்கள் பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து... பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டார்."