மலையில் அம்மா தூக்கிய கல்

வெயிலில் சுட்ட சுண்ணாம்புக்கல்லின் வாசமும் காலடியில் நசுங்கிய காட்டுச் செடிகளின் காரமான மணமும் மூக்கில் ஏற, குடியேறிய ஊரான கோலியர்ஸ் வுட்டிலிருந்து விடுமுறைக்குப் போயிருந்த நாங்கள் நால்வரும் கிரேக்கத் தீவொன்றின் வெள்ளை மலையில் ஏறிக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது பதினொரு வயது, தம்பிக்கு ஆறு. அப்பா அதை "உலாத்தல்" என்று சொல்லித்தான் எங்களைக் கூட்டிவந்திருந்தார். கத்தி விளிம்புள்ள பாறையில் சப்பாத்துக் கிழிந்தபோது, "இது உலாத்தலோ, சிலுவைப்பாதையோ?" என்று அம்மா முணுமுணுத்தார்.

ஒரு வளைவில் ஆட்டு மணிகள் கேட்டன. குட்டியொன்றைத் தொடத் தம்பி ஓடினான். பாறைக்குப் பின்னாலிருந்து பாய்ந்த காவல்நாய் அவன் தொடையைக் கவ்வி, ஈரத்துணியை உதறுவதுபோல் உதறியது. அதன் கழுத்தைப் பிடித்து இழுத்த அப்பாவின் கையையும் கிழித்துவிட்டு மறுபடி தம்பியையே கவ்வியது. கோவில் பாடகர் குழுவில் எல்லோருக்கும் பின்னால் நின்று பாடுகிற அம்மா, பெரிய கல்லொன்றை இரு கைகளாலும் தூக்கி அதன் தலையில் போட்டார். நாய் பிடியை விடவில்லை. மறுபடி போட்டார். அது சரிந்து, கால்கள் அடங்கிய பின்னும் போட்டார்.

"இஞ்சாரும், விடும்! அது செத்துப்போச்சு!" என்று அப்பா கத்தியது அவர் காதில் ஏறவில்லை. வெள்ளைப் பாறையெங்கும் இரத்தம்.

தடியோடு ஓடிவந்த ஆட்டுக்காரக் கிழவர், நாயைக் கண்டதும் ஓவென்று அலறி அம்மாவின் மேல் தடியை ஓங்கினார். அம்மா கல்லைக் கீழே வைக்கவில்லை. "அடி, பாப்பம்" என்றார் தமிழில். அப்போதுதான் கிழவர் தம்பியின் காலைப் பார்த்தார். தடியை எறிந்துவிட்டு, தன் தலைத்துணியை அவிழ்த்துக் காயத்தை இறுக்கிக் கட்டி, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அடிவாரம்வரை ஓடினார். அங்கே நின்ற எங்கள் வாடகைக் காரில் அவனை ஏற்றியதும், எங்களைத் திரும்பியும் பாராமல் மலையேறினார்.

தம்பியின் தழும்பை இப்போது தேடித்தான் பார்க்கவேண்டும். அந்தச் சரிவில் ஆடுகளும் இல்லையாம், விடுதி கட்டிவிட்டார்களாம். ஊறுகாய்ப் போத்தலின் மூடியைத் திறக்கக்கூட அம்மாவின் கைகளுக்கு ஏலாது. இத்தனை வருடமும் அந்த நாளைப் பற்றி வாய் திறக்காத அவரிடம் போன கிழமை கேட்டேன்:

"அண்டைக்குப் பயமா இருக்கேல்லையோ, அம்மா?"

"பயமோ?" அம்மா போத்தலை என் பக்கம் தள்ளினார். "எங்கடை பிள்ளையை அந்த மனுசன் தூக்கிக்கொண்டு வந்தார். அவரின்ரை நாயைத் தூக்க ஆர் வந்திருப்பினம் எண்டுதான் இண்டைக்கும் யோசிக்கிறன்."