கீறல் விழாத டிஸ்க்

டிவிக்குக் கீழே உள்ள இழுப்பறையில் ஒரு டிஸ்க் இருக்கிறது. ஒரே ஒரு தடவைதான் ஓடியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. அதில் இருப்பது பழைய குடும்பப் படம். அதன் கல்யாணப் பந்தியில், இரண்டாவது வரிசையில், என் அப்பா உட்கார்ந்திருக்கிறார்.

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில் துணை நடிகர் ஏஜென்ட் ஒருவர் இருந்தார். கல்யாணக் காட்சி என்றால் எங்கள் சந்துக்கே வேனைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். சொந்த வேஷ்டி, இலை முன்னால் உட்காரத் தெரிந்தவர்கள், வேஷமே போட வேண்டாம் என்பது அவர் எண்ணம். அப்பா வேலை பார்த்த கம்பெனி பூட்டிக் கிடந்த சமயம் அது. அப்பாவும் ஒருநாள் வேனில் ஏறிப் போனார். இருட்டியபின் திரும்பி வந்தவர், வாழையிலைக் கிழிசலில் சுற்றிய ஒரு ஜாங்கிரியை நீட்டினார். "எல்லாருக்கும் குடுத்தா," என்றார். நானும் அக்காவும் பிய்த்துத் தின்றோம். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா சினிமாவில் நடித்த கதை உண்டு. இலையில் பலகாரத்தை வைத்துவிட்டு, டேக் முடிகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது என்று அதட்டுவார்களாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

நான் பெருங்குடியில் வேலைக்குச் சேர்ந்து, அடையாறில் வீடு வாங்கி, பெரிய டிவியும் வாங்கியபின், படம் துல்லியமாக இருக்க வேண்டும் என்கிற பைத்தியம் பிடித்துக்கொண்டது. எனக்கும் மச்சினனுக்கும் ஓயாத சண்டை. "டிஸ்க்கெல்லாம் இன்னும் யார் வாங்கறா அத்திம்பேர்? டவுன்லோட் பண்ணினா தீர்ந்தது," என்பான். அந்தப் படத்தை டவுன்லோட் செய்து அப்பாவுக்குக் காட்டியவனும் அவன்தான். இருட்டான இடங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. கை அசைந்தால் சுண்ணாம்பை இழுத்துப் பூசிய மாதிரி இருந்தது. ஆனாலும் அப்பா மனம் குளிர்ந்துபோனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நெகட்டிவிலிருந்து புதுப்பித்த டிஸ்க் வெளிவந்ததும் வாங்கினேன். அப்பாவின் பிறந்தநாளன்று மாமனார் வீட்டார் அத்தனை பேரையும் வரச்சொல்லி, அப்பாவை நடுவில் உட்கார வைத்தேன். அக்காவால் மட்டும் வர முடியவில்லை.

என்ன துல்லியம்! ரசத்தின் ஆவி தெரிந்தது. அப்பா நெற்றியில் வியர்வை தெரிந்தது. "பாருடா, இது வருமா உன் டவுன்லோட்ல?" என்று சரியாக அந்த இடத்தில் படத்தை நிறுத்தினேன். முதலில் பார்த்தவன் மச்சினன்தான்.

"அத்திம்பேர், மாமா கையப் பாருங்கோ! ஜாங்கிரி இடுப்புக்குள்ள போறது!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். திரையில் அப்பா, யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணை ஓட்டியபடி, ஜாங்கிரியை வேஷ்டி மடிப்பில் செருகிக்கொண்டிருந்தார். ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே எனக்குத் தெரியவில்லை. படம் அப்படியே நின்றது. அப்பாவும் முதலில் சிரித்தார். பிறகு அவர் கை தானாக இடுப்பில் அதே இடத்துக்குப் போய் வேஷ்டியை நீவிவிட்டது. "டவுன்லோட்லயே நன்னாத்தான்டா இருந்தது," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். "மாமாவே சொல்லிட்டார்!" என்று மச்சினன் கைதட்டினான்.

அதற்குப் பிறகு அப்பா யாரிடமும் சினிமாக் கதையைச் சொல்லவில்லை. அவர் முகத்தில் விழிக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. எங்களுக்காக அவர் மறைத்ததை ஊரைக் கூட்டி, பெரிய திரையில் நிறுத்திக் காட்டியவன் நான்.

அப்பா போய் வருஷம் திரும்பிவிட்டது. போன வாரம் நங்கநல்லூரிலிருந்து அக்கா வந்திருந்தாள். "அப்பாவப் பாக்கணும் போல இருக்குடா. அந்தப் படத்தப் போடேன்," என்றாள். டவுன்லோடைப் போட்டேன். பந்தி வந்தது. அப்பாவின் முகமும் கையும் ஒன்றாகக் கரைந்துபோயின.

"அன்னிக்கு எல்லாருக்கும் ஜாங்கிரி குடுத்தான்னு கொண்டுவந்தாரே, ஞாபகம் இருக்கா?" என்று அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு திரையருகே போனாள். "மூஞ்சியே தெரியலையேடா. நீ ஏதோ டிஸ்க் வாங்கினியே, அதப் போடேன்."

"அது கீறிப்போச்சுக்கா," என்றேன். பாதி திறந்திருந்த இழுப்பறையைக் காலால் தள்ளிச் சாத்தினேன்.