முழங்கால் என்று சொன்னோம்

என் தங்கையின் மகள் ஆறடியைத் தாண்டி வளர்ந்தபோது, அவ்வளவு உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று குடும்பமே கவலைப்பட்டது. அவள் கவலைப்படவில்லை. பல்கலைக்கழக அணியில் கூடைப்பந்து ஆடினாள். பிறகு போலந்திலும் ஸ்பெயினிலும் சம்பளத்துக்கு ஆடினாள். யாழ்ப்பாணத்தில் படித்த என் தங்கை அதைத் தன் பள்ளிக்கால விளையாட்டின் பெயரால் 'நெட்போல்' என்றே சொல்லிவந்தாள். சம்பளம் வந்த பிறகும் திருத்திக்கொள்ளவில்லை.

சென்ற வருடம் போலந்தில் பயிற்சியின் நடுவில் தங்கையின் மகள் மயங்கி விழுந்தாள். இருதயத் தசை தடித்துவிட்டது, ஓடினால் எந்த நேரமும் துடிப்பு நின்றுவிடலாம் என்றார்கள். அவள் ஆடிய கழகம் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து வீட்டுக்கு விமானத்தில் ஏற்றிவிட்டது.

தங்கை எல்லோருக்கும் முழங்காலில் காயம் என்று அறிவித்தாள். இருதயம் என்று தெரிந்தால் கலியாணம் பேச எவரும் வரமாட்டார்கள். முழங்காலுக்கு அந்தக் குறை இல்லை. வோபர்னில் இருக்கும் உறவினரிடமிருந்து முழங்காலுக்குப் பூச எண்ணெய் வந்தது. பக்கத்து நகரமான அஜக்ஸிலிருந்து ஒருவர் ஒத்தடம் கொடுக்கும் முறையைத் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் விளக்கினார்.

"அம்மா, நான் செத்துப்போகலாம். நீங்கள் எல்லாருக்கும் முழங்கால் காயம் எண்டு சொல்லுறியள்!"

"மெல்லக் கதை பிள்ளை. பேஸ்மென்டிலை வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்குக் கேட்கும்."

எனக்கு வேறு வேலை இருந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எந்த ஃபாக்ஸ் எந்த மேசையில் தூங்கும் என்று அறிவேன். இரண்டாவது அபிப்பிராயத்துக்கு வேறொரு நிபுணரைப் பிடித்தேன். குடும்ப வைத்தியரின் கடிதத்தை இரண்டு முறை திருத்தி எழுதவைத்தேன். போலந்தில் எடுத்த இருதய ஸ்கான் படங்களை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். யாராவது வராவிட்டால் கூப்பிடும் வரிசையிலும் அவள் பெயரைப் போடவைத்தேன். மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கும் இடத்தில் சில வாரங்களில் முறை வந்தது.

"டொக்டர் ஓம் எண்டால் செப்டெம்பரிலை பயிற்சிக் கேம்ப் இருக்கு, மாமா," என்றாள். கராஜில் நின்ற இடத்திலேயே பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நிபுணர் நல்ல மனிதர். எல்லாப் படங்களையும் பொறுமையாகப் பார்த்தார். போலந்துக்காரர்கள் சொன்னதையே இன்னும் அழகான ஆங்கிலத்தில் சொன்னார். நடக்கலாம். ஆடக்கூடாது. நெஞ்சுக்குள் ஒரு கருவி வைக்கவேண்டும், வைத்தாலும் ஆடக்கூடாது.

காரில் ஏறியதும் கேட்டாள். "உதுக்கு மேலை எங்கை அப்பீல் போடுறது, மாமா?"

"இல்லைப் பிள்ளை. இதுதான் கடைசி."

என் கெட்டித்தனத்தால் அவளுக்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான். முறைப்படி காத்திருந்திருந்தால் இன்னும் சில மாதம் நம்பிக்கொண்டிருந்திருப்பாள்.

அடுத்த சனிக்கிழமை அஜின்கோர்ட்டில் உள்ள தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போனோம். தங்கைக்குத் தெரிந்த ஒரு பெண்மணி முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பிள்ளை, முழங்கால் எப்பிடி? எப்ப திரும்பிப் போறாய்?"

கடைக்குள் ஒரு சண்டை வரப்போகிறது என்று கூடையைக் கீழே வைத்தேன்.

"இப்ப சுகம் அன்ரி. செப்டெம்பரிலை போறன்."

"கவனமா ஓடு, என்ன?"

"ஓம் அன்ரி."

அதன் பிறகு வீட்டில் மரக்கறி நிறைய இருந்தாலும் சனிக்கிழமைகளில் கடைக்குப் போவோம் என்கிறாள். அங்கே யாராவது கேட்பார்கள். செப்டெம்பர் போய்விட்டது. இப்போது தை மாதம் போவதாகச் சொல்கிறாள்.