நூர்ஜஹான் அக்காவின் பதினோரு வீடுகள்

நேற்று அரியாங்குப்பத்தில் ஒரு ஓட்டலில் கைகழுவப் போனேன். சோப்புத் திரவத்தில் ஆரஞ்சுத்தோல் வாசனை. அவ்வளவுதான், சாப்பிட்ட பிரியாணி மறந்துபோய், மனசு மதகடிப்பட்டில் நூர்ஜஹான் அக்காவின் ஃபேன்ஸி ஸ்டோர் வாசலில் போய் நின்றுவிட்டது.

நான் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த காலம் அது. அக்கா வளையல், பொட்டோடு ஒரு கம்பெனியின் பாத்திரம் கழுவும் திரவமும் விற்றார், இதே ஆரஞ்சுத்தோல் வாசனை. அடிப்பிடித்த பால் பாத்திரத்தை நம் கையாலேயே தேய்க்கச் சொல்லிக் காட்டுவார். விற்றால் கமிஷன். தீர்ந்ததும் ஜனங்கள் திரும்ப வந்து வாங்குவார்கள். நல்ல சரக்கு, பொய் சொல்லக் கூடாது.

பிறகு கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். அந்த வெயிலில் டை! இனி விற்று அலைய வேண்டாம், ஆறு பாட்டில் வாங்கிச் சேர்ந்தால் போதும், ஆள் சேர்க்கச் சேர்க்கப் பணம் என்றார். அக்காவுக்குக் கீழே மளமளவென்று பதினோரு வீடு சேர்ந்தது. அதில் எங்களுடையதும் ஒன்று. என் பங்குக்கு நான் ஏழு பேரைப் பிடித்தேன். கண்ணாடி முன்னால் நின்று மேடைப் பேச்சுகூடப் பழகினேன், சிரிக்காதீர்கள்.

இரண்டு மாதமாகியும் ஒருவரும் அடுத்த பாட்டில் கேட்டு வரவில்லை. அக்காவுக்கு உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டில் கட்டிலுக்கு அடியில், ஒரு வீட்டில் ஷோகேஸ் பொம்மைக்குப் பக்கத்தில், கரும்பு போடும் தேவகி வீட்டில் உர மூட்டைக்குப் பின்னால். எல்லாம் சீல் உடைக்காத பாட்டில்கள்.

"இன்னா தேவகி, ஒண்ணுகூட தொறக்கலியா?"

"இருக்கட்டும்க்கா. எம்பொண்ணு மஞ்சத்தண்ணிக்கு நீங்க வந்து மொய் வெச்சீங்க. வூடு தேடி வந்து சேரச் சொன்னா மாட்டேன்னா சொல்றது?"

வெளியே வந்த அக்கா வண்டியைக் கிளப்பவேயில்லை. "இவங்க சரக்கு வாங்கலடி. எனக்கு மொய் வெச்சிருக்காங்க. கடைசியா சேர்றவ யார்கிட்ட போய் மொய் கேப்பா?"

ஆள் சேர்த்ததற்காகவே பணம் தருவது சட்டப்படி குற்றம் என்பது எனக்குப் பின்னால் தெரிந்த சங்கதி. அக்காவுக்கு அந்த மூடிகளைப் பார்த்ததே போதுமாயிருந்தது.

அடுத்த வாரம் வில்லியனூர் கல்யாண மண்டபத்தில் கம்பெனிக் கூட்டம். அக்காவுக்கு மேடையில் சால்வை போட்டார்கள். மைக்கை வாங்கினார்.

"நான் சேத்தவங்க யாரும் இனிமே ஒருத்தரையும் சேக்காதீங்க. தப்பு என்னுது."

யப்பா, என்ன தைரியம்! டைக்காரர் மைக்கைப் பிடுங்குவதற்குள் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். பதினோரு வீட்டுக்கும் மறுபடி போனார், திட்டும் வாங்கினார். அத்தனை பாட்டிலையும் கடைக்குக் கொண்டுவந்து, பால் பாத்திரம் தேய்த்துக் காட்டி விற்று, அவரவர் பணத்தை அவரவரிடம் கொடுத்தார். ஒரு வருஷம் ஆனது. இன்று நினைத்தாலும் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

"நீ சேத்தவங்ககிட்ட நீதான்டி போயி சொல்லணும்" என்றார் என்னிடம்.

ஆறு பேரிடம் போய்ச் சொன்னேன். ஏழாவது, மலர். பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிநேகிதி, பாகூரில் வாழ்க்கைப்பட்டவள். எல்லோரையும்விட உற்சாகமாக இருந்தவள் அவள்தான். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் தள்ளினேன். அதற்குள் நாத்தனார், ஓரகத்தி என்று புகுந்த வீட்டில் ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டாள். கம்பெனி ஆபீஸில் பூட்டுத் தொங்கியது. அந்த வீட்டில் அவள் கேட்ட பேச்சுக்கு அளவில்லை.

அக்காவின் பதினோரு வீட்டிலும் இன்றுவரை எந்த விசேஷமென்றாலும் முதல் பத்திரிகை அக்காவுக்குத்தான். போன மாதம் மலரின் மகளுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. யாரோ வைத்த ஸ்டேட்டஸில் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைத்தவள் நான்.